சித்திரையில் ஒரு குரங்குக் குல்லா

எங்கள் வீட்டு ஃபேன் ரெகுலேட்டரில் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டிருக்கிறது. நடுவில் இருக்கிற எண்கள் எதற்கு என்று அந்த வருஷம் எனக்குத் தெரியவே இல்லை. நான் ஐந்தில் வைப்பேன், என் வீட்டுக்காரர் வந்து அணைப்பார். புதுக்கோட்டை திருக்கோகர்ணத்துச் சித்திரை வெயில் எப்படிப்பட்டது என்று ஒரு மத்தியானம் டவுன் பஸ்ஸுக்கு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த வெயிலில் அவர் முழுக்கைச் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, தலையில் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு, "அந்தக் கதவச் செத்த சாத்து, காத்து வருது" என்பார். நான் ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வெறும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, அந்தக் காற்று எங்கேதான் வருகிறது என்று தேடுவேன்.

அவருக்கு ஏன் குளிர்கிறது என்று காரணம் சொல்லாத ஆளே எங்கள் தெருவில் இல்லை. அவர் பல வருஷம் வளைகுடா நாட்டில் வேலை பார்த்துவிட்டு, இனிமேல் போதும் என்று ஊரோடு வந்து ஜெராக்ஸ் கடை வைத்தவர். "அந்த ஊரு வெயில்ல வெந்த ஒடம்புங்க. நம்மூரு வெயிலு அதுக்குக் காணாது" என்றார் எதிர்வீட்டு மளிகைக் கடைக்காரர். "அதெல்லாம் இல்ல. அங்க பூராம் ஏசி. அது எலும்புக்குள்ள போயிருச்சு" என்றார் அவர் மனைவி. இந்த விஷயத்தில் அவர்களுக்குள் சண்டை வந்து ரெண்டு பேரும் பேச்சை விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். இவரோ எதையும் மறுக்க மாட்டார். கடையில் மெஷினிலிருந்து வருகிற தாள்களைச் சூட்டோடு எடுத்துக் கன்னத்தில் கொஞ்ச நேரம் ஒற்றிக்கொண்டு, அதன் பிறகுதான் வாடிக்கையாளரிடம் கொடுப்பார். ஊரார் ஆதார் அட்டை எல்லாம் அவர் கன்னத்தில் பட்டுத்தான் வெளியே போனது.

எனக்கு ஏன் வெந்து போகிறது என்று மட்டும் யாரும் காரணம் தேடவில்லை. காரணம் ஏற்கெனவே கையில் இருந்தது. நான் கோபக்காரி. கத்துகிறேன், அதனால் வேர்க்கிறது. "கோவத்தக் கொறச்சுப் பாரு, வேர்வையும் கொறையும்" என்பார் என் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா. கோபம் எனக்கு உண்டுதான், இல்லை என்று நான் என்றைக்கும் சொன்னதில்லை. ஆனால் அந்த வருஷம் கோபம் தவிர வேறு என்னென்னவோ சேர்ந்திருந்தது. வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டேன், ஆனாலும் ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆனது. கரும்பலகையில் நேர்கோடு போட்டால் அது கண்மாய்க்கரை மாதிரி வளைந்து போயிற்று. நடு வகுப்பில் நெஞ்சு திடீரென்று படபடவென்று அடித்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்து வேலை அப்படி என்று விட்டுவிட்டேன். யாருக்கு நேரம் இருக்கிறது?

அந்த நேரம் பார்த்துத்தான் எனக்குப் பதவி உயர்வு வந்தது. நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியை. கலந்தாய்வில் என் முறை வரும்போது மிஞ்சப் போவது கடலோரத்துக் கட்டுமாவடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றுதான் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். புதுக்கோட்டையிலிருந்து தினமும் போய்வருகிற தூரம் இல்லை. அங்கேயே ஒரு வீடு எடுத்துத் தங்கி, வார இறுதிக்கு வந்துபோக வேண்டியதுதான். இப்படித் தூரமாக விழுந்தால் எங்களில் பாதிப் பேர், பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவது வழக்கம். பெண்கள் என்றால் முக்கால்வாசிப் பேர்.

"எழுதிக் குடுத்துரு" என்றார் என் வீட்டுக்காரர். ஒரு காபி போடு என்கிற மாதிரி சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு மேலே வந்து உட்கார்ந்த தலைமை ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் டைம் டேபிள் போட்டுக் கொடுத்தது நான். ஆண்டு விழாவுக்கு மேடை கட்டுவதிலிருந்து அதிகாரி வரும்போது கழிப்பறையைக் கழுவ வைப்பது வரை நான்தான். நன்றியுரை மட்டும் அவர்கள் சொல்வார்கள். ஒரு பள்ளிக்கூடம் முழுசாக என் கையில் வந்தால் என்ன செய்வேன் என்று நான் எத்தனையோ பிரேயர் மணிக்கு வரிசையில் நின்றபடியே யோசித்து வைத்திருக்கிறேன். எனக்கு அது வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்வதென்றால், மகனைக் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் சேர்த்ததற்குப் பிறகு நான் எனக்கென்று ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

"போவேன்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஃபேனைப் பார்த்தார். "வெக்கையில பேசுற. நல்லாத் தூங்கி எந்திரி" என்றார்.

நாத்தனார் போனில் அதைவிட மேலே போனார். "அவளுக்கு ஒடம்பு கடக்காத்து கேக்குதுடா தம்பி. ஒரு கூலரு வாங்கிக் குடு, அந்த ஆசை போயிரும்."

அந்த வார்த்தைதான் உள்ளே தைத்தது. ஏனென்றால் வகுப்பில் வேர்த்து வழிகிறபோது நானே கடற்காற்றை நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஆசைப்படுவது பள்ளிக்கூடத்துக்கா, காற்றுக்கா? ஒரு கூலரில் தீர்ந்துபோகிற ஆசையை வைத்துக்கொண்டா நான் வீட்டில் இந்தக் குதி குதிக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்தது.

இப்படி இழுபறியாக இருக்கும்போதுதான் அவருடைய ஊரில் மாரியம்மன் திருவிழா வந்தது. குன்றாண்டார்கோவில் பக்கத்தில் சின்ன ஊர். அங்கே என் மாமியார் இருக்கிறார், நாத்தனாரைக் கட்டிக் கொடுத்ததும் அதே ஊரில்தான். காப்பு கட்டிவிட்டால் பிறகு ஊரை விட்டு வெளியே இரவு தங்கக் கூடாது, மீன், கறி என்று கவிச்சி கூடாது. நாங்களும் போய்க் காப்புக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்தோம். மாவிளக்கு எடுக்கிற அன்றைக்குப் பெண்கள் வரிசையில் நானும் தட்டோடு நின்றேன். மேலே வெயில், முன்னால் விளக்குச் சூடு, பின்னால் தப்பு மேளச் சத்தம். கை நடுங்கியது. தட்டு ஆடியது. விளக்குச் சுடர் தையத்தக்க என்று குதித்தது. முகமெல்லாம் ரத்தம் ஏறி, கண் இரண்டும் பிதுங்கி நின்றதாம், பக்கத்தில் நின்றவர்கள் பிறகு சொன்னது.

பூசாரி ஓடிவந்து நெற்றியில் திருநீற்றை அப்பினார். "யாரு வந்திருக்கது? சொல்லு."

"டீச்சரு" என்றேன். உண்மையாகவே என் வேலையைக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அதற்குள் மாமியார் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "கொதிக்குது. முத்து ஒன்னுகூட வெளிய காணோம். உள்ளம்மை போட்டிருக்கு" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். அம்மை என்றால் எங்கள் பக்கம் அது நோய் இல்லை, ஆத்தா வந்திருக்கிறாள் என்று அர்த்தம். கொப்புளம் வெளியே வந்தால் சாதாரண அம்மை. ஒன்றுமே வெளியே தெரியாமல் உடம்பு கொதித்தால் ஆத்தா உள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள், அதுதான் உள்ளம்மை. அதற்கு ஊசி, மாத்திரை, டாக்டர் எதுவும் கூடாது. வீட்டில் தாளிக்கக் கூடாது. வாசலில் வேப்பிலை செருக வேண்டும். வந்தவள் மனம் கோணாமல் நடந்துகொள்ள வேண்டும், எதிர்த்து ஒரு வார்த்தை பேசக் கூடாது.

என்னை உள்ளறையில் வேப்பிலை பரப்பி, அதன் மேல் வெள்ளை வேட்டி விரித்துப் படுக்கப் போட்டார்கள். நான் முதலில் கேட்டது ஃபேனை. ஆத்தாவுக்கு ஃபேன் ஆகாதாம், வேப்பங்குழைதான் வீச வேண்டுமாம். இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், கல்யாணத்தன்றுகூட அப்படி நான் பார்த்ததில்லை. வீசுகிற பொறுப்பை அவரிடமே கொடுத்தார்கள். அவர் வீச, அந்தக் காற்று அவர் மேலேயே பட, நாலு வீச்சுக்கு ஒரு தும்மல் போட்டார்.

"ஸ்வெட்டரக் கழட்டுங்க. பாக்கவே எனக்கு எரியுது" என்றேன்.

எப்போதும் என்ன நடக்கும் என்றால், அவர் "உனக்கு எல்லாமே எரியும்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரிப்பார். அன்றைக்கு எழுந்து நின்று ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாத்தனார் கூடத்தில் போனில் சத்தமாக வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தச் சனியன நிறுத்துங்க மதினி" என்று கத்தினேன். சத்தம் நின்றது. "ஆத்தா கோவமா இருக்கா" என்று மாமியார் கிசுகிசுப்பது கேட்டது. நாத்தனார் உள்ளே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்று, "தெரியாமப் பண்ணிட்டேன், பொறுத்துக்க தாயி" என்றார். என்னைப் பெண் பார்க்க வந்த நாளிலிருந்து இன்றுவரை அவர் என்னிடம் கேட்ட ஒரே மன்னிப்பு அது.

நான் சாமி இல்லை, அம்மையும் இல்லை, ஏதோ உடம்பு சரியில்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. முதல் நாள் சொல்லியும் பார்த்தேன். "ஆத்தா வெளையாடுறா" என்று சிரித்துக் கும்பிட்டார்கள். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டேன். ஒளிப்பானேன், அந்த மரியாதை நன்றாகத்தான் இருந்தது. அதே வாய், அதே கோபம், அதே வார்த்தைகள். வீட்டில் சொன்னால் காது கேட்காத ஜனங்கள், வேப்பிலை மேல் படுத்துக்கொண்டு சொன்னால் ஓடி ஓடிச் செய்தார்கள். இளநீர் கேட்டால் இளநீர், நுங்கு கேட்டால் நுங்கு வந்தது. ஆகவே ஒருநாள் காலையில், மூன்று பேரும் எதிரே இருக்கும்போது, நிதானமாக எழுந்து உட்கார்ந்து கேட்டேன்.

"நான் கட்டுமாவடி போகணும்."

வீட்டுக்காரர் வேப்பங்குழையைக் கீழே வைத்தார். மாமியார் இரண்டு கையையும் குவித்தார். "போவோம் ஆத்தா. நீ சொன்னா மறுபேச்சு உண்டா?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாள் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியது இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள் விடியற்காலையில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மஞ்சள் துணி கட்டி, முன்னால் வேப்பிலை செருகியிருந்தது. உள்ளே மாமியார், நாத்தனார், அவர் வீட்டு ஜனம், ஒரு அண்டா பானகம்.

"எங்க?" என்றேன்.

"கட்டுமாவடிக்குத்தான். ஆத்தா கடல்ல முழுகணும்னு கேட்டியேல. இருட்டுறதுக்குள்ள திரும்பிறலாம், காப்பு கட்டியிருக்குல்ல" என்றார் நாத்தனார்.

நான் தலைமை ஆசிரியை வேலையைக் கேட்டேன், இவர்கள் எனக்கு டூர் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஏறி உட்கார்ந்தேன்.

அந்தக் கடலை நான் அப்போதுதான் முதல் முறை பார்த்தேன். அலை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, கண்மாய் மாதிரி கிடந்தது. படகுகள் வந்து ஏலம் நடந்துகொண்டிருந்த நேரம். காப்பு கட்டிய கூட்டம் ஒன்று மூக்கைப் பொத்திக்கொண்டு மீன் கூடைகளுக்கு நடுவே மஞ்சள் சேலையில் ஒரு பொம்பளையை நடத்திக்கொண்டு போவதை எல்லாரும் நின்று பார்த்தார்கள். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் என் வீட்டுக்காரரின் குல்லாவைப் பார்த்துவிட்டு, "அஸ்தி கரைக்கவா? அந்தப் பக்கம் போங்கண்ணே" என்றார்.

"அஸ்தி இல்லீங்க. இவதான்" என்று இவர் என்னைக் காட்டினார்.

முழுகுவதற்குத் தண்ணீர் வேண்டுமே. நடந்தோம், நடந்தோம், தண்ணீர் முழங்காலைத் தாண்டவே இல்லை. கீழே சேறு. கடைசியில் மாமியார் உட்காரச் சொன்னார். சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன், அப்போதும் இடுப்புக்குத்தான் வந்தது. நாத்தனார் சொம்பால் மொண்டு தலையில் ஊற்றினார். தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்து ஓட்டுக் கூரையும் கொடிக்கம்பமும் தெரிந்தன. அதுதான் அந்தப் பள்ளியா என்று தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தேன். சொம்பில் வந்த தண்ணீர் சில்லென்று இருந்தது, கடற்காற்று வீசியது, ஆனால் உள்ளே இருந்த எரிச்சல் துளிகூடக் குறையவில்லை. நெஞ்சு அடித்த அடியில் காது அடைத்தது. எழுந்திருக்கப் பார்த்தேன். அவ்வளவுதான் ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது பக்கத்தில் இருந்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக் கட்டிலில் இருந்தேன். ஏலத்திலிருந்த மீனவப் பெண்கள்தான் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். ஆத்தாவுக்கு ஆஸ்பத்திரி ஆகாது என்று மாமியார் குறுக்கே விழுந்ததற்கு, "செத்துப்போனா ஆத்தா வந்து பதில் சொல்லுவாளா, வழிய விடுங்க" என்று ஒரு பெண் அதட்டியதாக வேன் டிரைவர் பிறகு சொன்னார். அந்தப் பெண்ணின் முகம்கூட எனக்குத் தெரியாது. நான் இன்றைக்கு உட்கார்ந்து இதை எழுதுவது அவளால்தான்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். நாடி பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார். இரண்டு கையையும் நீட்டச் சொல்லி விரல்களின் மேல் ஒரு தாளை வைத்தார். தாள் காற்றாடி மாதிரி படபடத்தது.

"எத்தனை நாளா வெக்கை தாங்கல?"

"பொறந்ததுலருந்து கோவக்காரிங்க" என்று நாத்தனார் பதில் சொன்னார்.

டாக்டர் அவரைக் கவனிக்காமல் என்னைப் பார்த்தே பேசினார். "இதுக்கு நெறைய காரணம் இருக்கலாம்மா. மாதவிலக்கு நிக்கிற வயசா இருக்கலாம். சுகரா இருக்கலாம். வேற ஏதாவது மாத்திரையால இருக்கலாம். கைநடுக்கம், எளைச்சது, படபடப்பு எல்லாம் சேத்துப் பாத்தா தைராய்டு அதிகமா சுரக்குதோன்னு எனக்குத் தோணுது. ரத்தம் எடுத்துப் பாத்துருவோம்." எழுதிக்கொண்டே தலையை நிமிர்த்தியவர் கதவருகே நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்து நிறுத்தினார். வெளியே தார் உருகுகிற வெயில். "சார் ஏன் குல்லா போட்டுருக்காரு?"

"அவருக்குக் குளிரும்" என்று அறையில் இருந்த எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம்.

"அது கல்ஃபு போனதுனால வந்ததுங்க" என்று மாமியார் விளக்கினார்.

"மலச்சிக்கல் இருக்கா சார்? எடை ஏறுதா? எப்பவும் தூக்கமா வருதா?" இவர் ஒவ்வொன்றுக்கும் நன்றாக யோசித்து, ஒரு நிமிஷம் கழித்துத் தலையாட்டினார். ரத்தம் இரண்டு பேருக்கும் எடுத்தார்கள்.

புதுக்கோட்டைக்கு வந்து பெரிய டாக்டரிடம் ரிசல்ட்டைக் காட்டினோம். எனக்குத் தைராய்டு கண்டபடி கூடியிருந்தது. அவருக்குத் தரையோடு தரையாகக் குறைந்திருந்தது. வீட்டில் ஒருவர் வெந்துகொண்டும் ஒருவர் விறைத்துக்கொண்டும் இருந்ததற்கு, கழுத்தில் இருக்கிற ஒரு சின்னச் சுரப்பிதான் காரணம். கூட வந்திருந்த மாமியார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இவளுக்குக் கூட இருக்கறத எடுத்து அவனுக்கு ஏத்திற முடியாதுங்களா டாக்டரு?" என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஆளுக்கு ஒரு மாத்திரை எழுதினார்.

ஆத்தா மலையேறிவிட்டாள். அதோடு என் மரியாதையும் மலையேறியது. "கட்டுமாவடிக்குப் போவோம்னு எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டீங்களே" என்று கேட்டேன்.

"அது ஆத்தாகிட்ட சொன்னது. உங்கிட்ட இல்ல" என்றார் மாமியார்.

"அது ஆத்தாவும் இல்லம்மா, தைராய்டு. மாத்திரையச் சாப்புடட்டும், அந்த நெனப்பும் தன்னால போயிரும்" என்றார் நாத்தனார்.

இதை எங்கே போய்ச் சொல்வது? நான் வேண்டும் என்று சொன்னேன். முதலில் அது கோபம் என்றார்கள். அப்புறம் சாமி என்றார்கள். இப்போது சுரப்பி. நான் சொன்னேன் என்று மட்டும் ஒருத்தர் வாயிலும் வரவில்லை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த என் வீட்டுக்காரரிடம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "என் 'போவேன்' தைராய்டுன்னா, ஒங்க 'வேணாம்' என்னது? ஒங்களுக்கும்தான சுரக்கல?"

அவர் கையில் பிசைந்த சோற்றோடு ரொம்ப நேரம் யோசித்தார். அப்போது எல்லாவற்றுக்கும் அவருக்கு அவ்வளவு நேரம் ஆகும். "ஞாயந்தான்" என்றார் கடைசியில். "ரெண்டு பேருக்கும் சரியாகட்டும். அப்பறம் பேசுவோம்."

இப்படி ஓர் ஒப்பந்தம் போட்ட புருஷன் பெண்டாட்டி வேறு எங்காவது இருப்பார்களா என்று தெரியவில்லை. எங்கள் நல்ல நேரம், யாரோ எதற்கோ வழக்குப் போட்டு, பதவி உயர்வுக் கலந்தாய்வு தள்ளிப் போயிற்று. தினமும் காலையில் எழுந்ததும் அவர் வெறும் வயிற்றில் அவர் மாத்திரையைப் போடுவார், நான் என் மாத்திரையைப் போடுவேன். எதிரெதிரே உட்கார்ந்து தண்ணீர் குடிப்போம்.

உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது. படபடப்பு அடங்கியது. கரும்பலகையில் கோடு நேராக வந்தது. இதில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு பயம் இருந்தது. ஒவ்வொரு நாளும் மாத்திரையைப் போட்டதும், அந்த ஆசை இன்னும் இருக்கிறதா என்று உள்ளே பார்த்துக்கொள்வேன், ஆடுகிற பல்லை நாக்கால் தொட்டுப் பார்க்கிற மாதிரி. நாத்தனார் சொன்னது போல அதுவும் கரைந்துவிட்டால்? அப்போது இத்தனை வருஷமும் வரிசையில் நின்று யோசித்ததெல்லாம் வெறும் வியர்வையா? சில நாள் கை வேண்டுமென்றே மாத்திரையை விட்டுவிடப் பார்க்கும். குணமாவதற்குப் பயந்த பைத்தியக்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவர் வேறு ஆளாகிக்கொண்டிருந்தார். ஸ்வெட்டர் பீரோவுக்குப் போனது, பிறகு குல்லாவும். கடையை நேரத்தோடு திறந்தார். கேட்ட கேள்விக்குக் கேட்டவுடன் பதில் சொன்னார். ஒருநாள் குளிக்கும்போது பாட்டுப் பாடுகிற சத்தம் கேட்டு நான் ரேடியோ என்று நினைத்து அணைக்கப் போனேன். ஃபேன் இரண்டாம் எண்ணில் ஓடியது, யாரும் எழுந்து போகவில்லை. ஒரு மார்கழிக் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது எனக்குக் குளிர்ந்தது. சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றபோதுதான் பட்டென்று உறைத்தது. கடற்காற்றை நினைத்தாலே உடம்பு சிலிர்த்தது, ஒரு பொட்டுக் காற்றும் எனக்கு வேண்டாம். ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் வேண்டும். முன்னைக்கு இப்போது கூடுதலாக வேண்டும். பஸ் ஸ்டாப்பில் நின்று தனியாகச் சிரித்தேன். பக்கத்திலிருந்தவர் கொஞ்சம் தள்ளி நின்றார்.

வழக்கு முடிந்து கலந்தாய்வுக்கு நாள் குறித்த அதே வாரத்தில் எங்கள் ரிப்போர்ட்டும் வந்தது. இரண்டும் நார்மல். லேப் வாசலில் பைக்கை எடுக்கப் போனவரை நிறுத்தினேன்.

"இப்பச் சொல்லுங்க. நான் போகணும்."

அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். யோசிக்கவில்லை, உடனே சொன்னார். "வேணாம்மா. எனக்கு இப்பவும் வேணாம்னுதான் இருக்கு."

"ஏன்?"

"அத்தன வருஷம் ஒரு ரூம்ல தனியாக் கெடந்துட்டேன். சாயங்காலம் வந்து நானே லைட்டப் போட்டு, நானே சோறாக்கி. இனிமே அது கூடாதுன்னுதான் ஊருக்கே வந்தேன். நீ போயிட்டா மறுபடி அதேதான்."

இதை அவர் சுரப்பி சொல்லவில்லை, அவரே சொன்னார். எத்தனையோ வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய பேச்சில் முழுசான பேச்சு அது. கோபித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன், கோபம் வரவில்லை. இதைவிட அந்த வெக்கைப் பேச்சே தேவலாம் போல இருந்தது. அப்போது பழி போட ஏதாவது ஒன்று கையில் இருந்தது.

"நீங்க அங்க இருந்தப்ப நானும் இங்க தனியாத்தான இருந்தேன்" என்றேன்.

"ஆமா" என்றார். பைக்கை எடுத்தார்.

கலந்தாய்வுக்கு அவரே கொண்டுபோய் விட்டார். உள்ளே பெயர் கூப்பிடும் வரை உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் போன இரண்டு பெண்கள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் முறை வந்தது. கட்டுமாவடிப் பள்ளி மட்டும்தான் மிச்சம், எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். எடுத்துக்கொள்கிறேன் என்றேன். குரலை உயர்த்தவில்லை. என் குரல் இவ்வளவு சாதாரணமாகக் கூட இருக்குமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

வெளியே வந்தபோது அவர் புங்க மரத்தடியில் பைக்கில் சாய்ந்து நின்றார். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். ஹெல்மெட்டை எடுத்தார், மாட்டாமல் கையிலேயே வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"எப்ப வருவே?" என்றார்.

அவர் லீவு முடிந்து கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் திருச்சி ஏர்போர்ட்டு வாசலில் இந்தக் கேள்வியை நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் எதிரே நிற்கிற கார்களையே பார்த்துக்கொண்டு ஏதோ முனகுவார், எனக்கு ஆத்திரமாக வரும். பதில் சொல்கிற இடத்தில் நிற்பது இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"வெள்ளிக்கெழம சாயங்காலம்" என்றேன், எதிரே நின்ற கார்களைப் பார்த்துக்கொண்டு.